மாடி வெயிலும் பின்கட்டு மீட்டரும்

1

காரைக்கால் கோவில்பத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதில் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்த மெஹருன்னிசா என்ற பெண்ணுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். அதை நம்பி அவர் எனக்காக அலைந்தார். தன் பிழைப்பு நடந்த இடத்தை விட்டுக்கொடுத்தார். கைவளையலை விற்றார். என் காரியம் முடிந்ததும் நான் வாக்கை மீறினேன். அவர் அதை நினைவூட்டியபோது, "எழுதிக் கொடுத்தேனா?" என்று கேட்டேன். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

இதை வேறு விதமாகச் சொல்ல முடியுமா என்று நான் நிறைய நாள் முயன்றிருக்கிறேன். முடியவில்லை. ஊரில் இதைப் படிக்கிற உங்களில் வீட்டுக்காரர்களும் உண்டு, குடித்தனக்காரர்களும் உண்டு. நான் இரண்டுமாக இருப்பவன். அதனால் எழுதுகிறேன்.

பாரீஸின் வடக்குப் புறநகரில், பொது வாடகைக் குடியிருப்பு ஒன்றின் ஏழாவது மாடியில் வசிக்கிறேன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த நாட்டில் எனக்கென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. சேர்த்ததெல்லாம் கோவில்பத்து வீட்டுக்குப் போனது. என்றாவது திரும்பிப்போய் அங்கே இருப்போம் என்று என் மனைவியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீடு இருக்கிறது.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கூரையில் சோலார் தகடுகளைப் பதித்தார்கள். அதில் வரும் மின்சாரத்தை எல்லாக் குடித்தனங்களுக்கும் பங்கிட்டு, அவரவர் பில்லில் கழிப்பதாக ஏற்பாடு. சந்தோஷப்பட்டோம். பின்னாலேயே நிர்வாகத்திலிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது: தகடுகளின் பராமரிப்புக்காக மாதக் கட்டணம் கூடும். கூட்டிக் கழித்தால், ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொள்ளும் கணக்கு.

கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்தேன். எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். பள்ளியிலேயே அந்த மொழியில் மேடையேறிப் பேசியவன். "கூரை உங்களுடையதாக இருக்கலாம். அதற்குக் கீழே விளக்கெரித்துப் பணம் கட்டுகிறவர்கள் நாங்கள். மிச்சமாவது எங்களுக்குச் சேர வேண்டும். வாய்வார்த்தை போதாது, எழுதிக் கொடுங்கள்" என்றேன். கைதட்டினார்கள். அடுத்த வீட்டு அல்ஜீரியக் கிழவர் என் முதுகில் தட்டினார்.

என் மகள் ஆனந்தி அன்று வந்திருந்தாள். வேறு ஊரில் மருத்துவமனையில் வேலை. சில சனிக்கிழமைகளில் வருவாள். தமிழ் முழுக்கப் புரியும். பேசினால் எல்லாரையும் 'நீ' என்றுதான் பேசுவாள். 'ங்க' போட நாங்கள் சொல்லித்தராமல் விட்டுவிட்டோம். அவளும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. லிப்ட் வேலை செய்யாததால் படியேறிக்கொண்டிருந்தோம்.

"நீ நல்லா பேசின அப்பா."

"உண்மையைத்தானே பேசினேன்."

"ஆமா. ஆனா காரைக்கால்ல நீ அந்தப் பக்கம்தானே இருந்த? அந்த வத்தல் அம்மாகிட்ட நீ இதைச் சொல்லலயே."

ஐந்தாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படி ஏறியதால் மூச்சு வாங்குகிறது என்று அவள் நினைத்தாள்.

2

மெஹருன்னிசாவின் கணவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். ஒரு மாதம் பணம் வரும், ஒரு மாதம் வராது. குடும்பம் நடந்தது வற்றலில். மாசி பிறந்தால் பொழுது விடியும் முன்னே கூழ் காய்ச்சி, மொட்டைமாடியில் வெள்ளைத்துணி விரித்து ஊற்றிவிடுவார். வெங்காய வற்றல், தக்காளி வற்றல், மோர் மிளகாய். காக்கையை ஓட்டக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து நடுவில் வைத்திருப்பார். கடைகளுக்குப் போடுவார், அரபு நாடுகளுக்குப் போகிறவர்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போக வீட்டுக்கே வந்து வாங்குவார்கள். நாங்கள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் மனைவிக்கு ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புவார். இந்த ஏழாவது மாடியில் அந்த வற்றலைப் பொரித்தால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்டு வாங்கிப்போவார்.

வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் அரசு மானியம் உண்டு என்று நான் இங்கிருந்து படித்தேன். மானியம் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான். மின் இணைப்பும் அவர் பெயரில் இருக்க வேண்டும். குடியிருப்பவர் மாதம் தவறாமல் பில் கட்டினாலும் அவருக்கு அதில் ஒன்றும் கிடையாது. என் வீட்டில் மீட்டர் என் அப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. நம் ஊரில் பாதி வீடுகளுக்கு இன்னும் செத்தவர்கள்தானே கரண்டு பில் கட்டுகிறார்கள்.

பெயர் மாற்ற யாராவது அலைய வேண்டும். என் மனைவியின் தம்பி தனவேல் காரைக்காலில்தான் இருக்கிறான். "எனக்கு ஆபீஸ் இருக்கு அத்தான்" என்று ஒதுங்கிக்கொண்டான். நான் மெஹருன்னிசாவைக் கேட்டேன்.

"அலையறது ஒண்ணுமில்லண்ணே. மாடியில தகடு போட்டுட்டா நான் வத்தல் எங்க போடுவேன்?"

நான் அதற்கும் பதில் வைத்திருந்தேன். "இதுக்குன்னு கரண்டுப் பெட்டி இருக்கும்மா. தட்டுத் தட்டா அடுக்கிக் காயவைக்கலாம். மழை, காக்கா எதுவும் கிடையாது. கரண்டு பில் ஏறக்குறைய இல்லாம போயிடும். மிச்சமாவறது பூரா உங்களுக்கு. நீங்க அந்த வீட்டுல இருக்குற வரைக்கும் வாடகையத் தொடமாட்டேன்."

"வாக்காண்ணே?"

"வாக்கு."

அதற்குப் பிறகு அவர் எத்தனை முறை அலைந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அப்பாவின் இறப்புச் சான்றில் பெயர் பிரெஞ்சு முறையில் எழுதப்பட்டிருந்தது, வீட்டுவரி ரசீதில் வேறு விதமாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு சான்று, அதற்கு இரண்டு சாட்சி. எல்லாம் அவர்தான் பார்த்தார். ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு சாரு கேட்டாருண்ணே, 'நீ அவருக்கு என்னம்மா வேணும்'னு. குடியிருக்கேன்னேன். 'குடியிருக்கறவளுக்கு இதுல என்ன லாபம்'னாரு. கரண்டு மிச்சம் எனக்குன்னு அண்ணன் சொல்லியிருக்காங்கன்னேன். 'எழுதி வாங்குனியா'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்கண்ணன் அப்படிப்பட்டவங்க இல்லன்னுட்டு வந்துட்டேன்."

நானும் சிரித்தேன்.

தகடுகள் ஏறின. மானியம் என் கணக்கில் விழுந்தது. அவர் கையில் கிடந்த ஒரு ஜோடி வளையலை விற்றுப் பெட்டியை வாங்கினார்.

3

தகடுகளை மாட்டிய கம்பெனி, கைபேசியில் பார்க்க ஒரு செயலியைக் கொடுத்தது. ஆனந்திதான் என் போனில் போட்டுக்கொடுத்தாள். அதில் இரண்டு கோடுகள். ஒன்று, கூரையில் எவ்வளவு மின்சாரம் வருகிறது என்பது. மற்றது, வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பது. மிஞ்சுவது வெளிக்கம்பிக்குப் போய் நம் கணக்கில் வரவாகும். பிறகு பில்லில் கழியும்.

அது என் மனைவி இறந்த பின் வந்த முதல் குளிர்காலம். இங்கே காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்து போனைத் திறப்பேன். காரைக்காலில் வெயில் ஏறியிருக்கும். கோடு மேலே போய்க்கொண்டிருக்கும். ஒரு மேகம் கடந்தால் கோடு சற்றுக் குழியும், பிறகு எழும். எங்கள் மாடியின் மேல் மேகம் போவதை நான் இங்கிருந்து பார்த்தேன். மகள் வாரக்கணக்கில் பேசாத அந்த நாட்களில் எனக்கு அதுதான் துணை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன்.

முதலில் வெயிலை மட்டும்தான் பார்த்தேன். பிறகு இரண்டாவது கோட்டையும் பார்க்கத் தொடங்கினேன்.

"ஏம்மா, பதினோரு மணிக்கு மேல கரண்டு திடீர்னு ஏறுதே?"

"பெட்டி போட்டிருக்கேண்ணே. நீங்க சொன்ன பெட்டிதான்."

"அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஏறி இறங்குச்சே?"

"அது மிக்ஸி." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பாரீஸ்லேர்ந்து எங்க மிக்ஸி ஓடுறதுகூடத் தெரியுதா? அப்ப என்ன அரைச்சேன்னும் சொல்லுங்க பாப்போம்."

அந்தச் சிரிப்பில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வாரம் ஒருமுறை கேட்டேன், பிறகு அடிக்கடி. பெட்டியை ராத்திரியில் ஏன் போடுகிறீர்கள், நோன்பு நேரத்தில் விடியுமுன் ஏன் இவ்வளவு விளக்கு, இஸ்திரிப் பெட்டியா, இட்லி மாவு கிரைண்டரா. ஒருநாள் அவர் சிரிக்காமல் சொன்னார்: "மாடியில துணி விரிச்சுக் காயவெச்சப்ப யாரும் என்னை இப்படி எண்ணிப் பாக்கலண்ணே."

என் மனதுக்குள் ஓடியது வேறு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. அது என்னுடைய வெயில் என்றும், அவர் அதைத் தின்றுகொண்டிருக்கிறார் என்றும் எனக்குத் தோன்றியது. மிச்சம் முழுதும் அவருக்கு என்று சொன்னவனும் நான்தான்.

4

தனவேல் ஒருநாள் போனில் சொன்னான்: "அத்தான், நீங்க வெள்ளைக்காரன் ஊர்ல இருந்து ரொம்ப வெள்ளையாயிட்டீங்க. சோலார் வீட்டுக்கு இந்தக் காலத்துல யாரு இந்த வாடகை வாங்குறா? அந்தம்மா கரண்டு பில்லே கட்டுறதில்ல. அந்தக் காச வாடகையில சேத்துக் கேளுங்க. அதுக்கு ஒண்ணும் நட்டமில்லையே."

தனவேல் சொன்னதை இங்கே எழுதும்போது, பழியில் பாதியை அவன் தலையில் வைக்கலாமா என்று கை போகிறது. அவன் சொன்னான், முடிவு நான் எடுத்தது.

மெஹருன்னிசாவைக் கூப்பிட்டு, தகடு பராமரிப்பு என்று காரணம் சொல்லி, அவருக்குக் கரண்டில் மிச்சமான அளவுக்கு வாடகையை ஏற்றினேன். அந்தத் தகடுகளை வாரம் தவறாமல் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தது அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.



"உங்க வீடுண்ணே. ஏத்துறது உங்க இஷ்டம். ஆனா ஒரு வாக்கு சொன்னீங்க."

"எழுதிக் கொடுத்தேனா?" என்றேன்.

அந்தச் சொல் அலுவலகத்தில் யாரோ அவரிடம் கேட்டது என்பது, வாயிலிருந்து வந்தபோதே எனக்கு நினைவிருந்தது. இருந்தும் சொன்னேன்.

"இல்லண்ணே" என்றார். அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் காலி செய்தார். வீட்டைக் கழுவிவிட்டுச் சாவியைத் தனவேலிடம் கொடுத்துப் போனதாகச் சொன்னான். கூடுதல் வாடகைக்கு வேலையில் இருக்கிற ஒரு இளம் தம்பதி வந்தார்கள். செயலியில் வெயில் கோடு மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. மேகமும் இல்லை. இயந்திரம் கெட்டுவிட்டது என்று கம்பெனிக்காரனைக் கூப்பிட்டேன். "மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். தகடு பூரா தூசியும் காக்கா எச்சமும். முன்னாடி இருந்த அம்மா தொடைப்பாங்க. இப்ப யாரும் ஏறுறதில்ல" என்றான்.

அப்போதும் அவருக்காக நான் ஒன்றும் செய்யவில்லை. தனவேலிடம் சொல்லி, துடைக்க ஆள் வைத்தேன். அந்தக் கூட்டமும், படிக்கட்டில் மகள் கேட்ட கேள்வியும் வரும்வரை அப்படியே இருந்தேன்.

5

வைகாசியில் ஊருக்குப் போனேன். மெஹருன்னிசா கோட்டுச்சேரியிலிருந்து திருவேட்டக்குடி போகிற சாலையில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார். மாடி கிடையாது. பக்கத்தில் ஒரு துண்டு வாசல். அதில் துணி விரித்து, கறுப்புக் குடையை நட்டிருந்தார். முன்பு காய்ந்ததில் கால்வாசிகூட அந்த இடத்தில் காயாது.

"வாங்கண்ணே" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. கூடத்தின் மூலையில் பெட்டி ஒரு போர்வை போர்த்தி நின்றது. என் கண் அதில் போனதைப் பார்த்துவிட்டார்.

"இங்க ஓட்டுறதில்ல. வயரிங் பழசு, வீடு எரிஞ்சிடும்னு ஓனரு தடுத்துட்டாரு. அது மேல புள்ளைங்க புத்தகம் வெச்சிருக்கு."

நான் செய்தது தப்பு என்றேன். இன்னும் நன்றாகச் சொல்ல விமானத்தில் யோசித்து வைத்திருந்தேன். அது மட்டும்தான் வந்தது.

"போவட்டும்ணே. அண்ணி மவுத்தான வருஷம். உங்களுக்கும் மனசு சரியில்லாம இருந்திருக்கும்."

அந்தச் சாக்கை அவரே எடுத்துக் கொடுத்தது எனக்கு அடி விழுந்தது போல இருந்தது. கோவில்பத்து வீட்டுக்கே திரும்ப வந்துவிடுங்கள், பழைய வாடகைதான், இந்த முறை எழுதித் தருகிறேன் என்றேன்.

"இப்ப அங்க குடியிருக்குற புள்ளைங்கள எங்க போவச் சொல்லுவீங்க?"

நான் அதை யோசிக்கவே இல்லை.

எங்கள் பாரீஸ் குடியிருப்பில் செய்வதுபோல, என் கூரையில் மிஞ்சுவதை அவருடைய பில்லில் கழிக்க முடியுமா என்று மின் அலுவலகத்தில் விசாரித்தேன். அப்படிக் கேட்பதானால் அவர் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். திரும்பப் போய் அவரிடம் சொன்னேன். இந்த முறை உண்மையாகவே சிரித்தார்.

"என் பில்லு கொறையப் போவுதுன்னு அவரு கையெழுத்துப் போட்டாருன்னா, மறுமாசமே வாடகைய ஏத்துவாரு. ஓனருங்கள எனக்குத் தெரியாதாண்ணே?"

கடைசியாக ஒன்று மிஞ்சியது. கோவில்பத்து வீட்டில் சந்துப்பக்கம் தனி வாசலோடு பின்கட்டில் ஒரு அறை. என் மனைவியின் பீரோவும் பாத்திரங்களும் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். அதை ஒழித்துத் தருகிறேன், பெட்டியை அங்கே வைத்து ஓட்டுங்கள், வாடகையும் வேண்டாம், கரண்டுக் காசும் வேண்டாம் என்றேன்.

அவர் வாசலில் காய்ந்துகொண்டிருந்த வற்றலைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார்.

"போன்ல பாப்பீங்களே, அது இன்னும் இருக்காண்ணே?"

"இருக்கு."

"அது இருக்குற வரைக்கும் அங்க நான் சுவிச்சப் போடமாட்டேன்."

அன்று மாலை கம்பெனிக்காரனை வரவழைத்து, செயலியை இளம் தம்பதியின் எண்ணுக்கு மாற்றச் சொன்னேன். அவர்களுடைய வாடகையைப் பழைய அளவுக்கு இறக்கி, பின்கட்டு அறையில் ஓடுவது போக, கரண்டில் மிச்சமாவது குடியிருப்பவருக்கே என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பையன் படித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ட விக்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

என் போனிலிருந்து கோடுகள் இரண்டும் போய்விட்டன. பீரோவைத் தனவேல் வீட்டுக்கு அனுப்பினேன். பாத்திரங்களை எடுக்கும்போது அடியில் ஒரு பை வற்றல் கிடைத்தது. மெஹருன்னிசா எப்போதோ என் மனைவிக்குக் கொடுத்தது. வண்டு விழுந்திருந்தது. அறைச்சாவியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தார்.

"யோசிக்கிறேண்ணே" என்றார்.

6

திரும்பி வந்தேன். எங்கள் குடியிருப்பில் நிர்வாகம் பராமரிப்புக் கட்டணத்தில் பாதியைக் குறைத்தது. அதை எழுதியும் கொடுத்தது. பில்லில் கொஞ்சம் மிச்சமாகிறது. அல்ஜீரியக் கிழவர் என்னை எங்கு பார்த்தாலும் கை குலுக்குகிறார்.

ஊரிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. ஆனி, ஆடி, ஆவணி என்று போயிற்று. தனவேலிடம் கேட்டால், "அறை பூட்டித்தான் கிடக்கு அத்தான். ஓசியாக் குடுத்தும் வாங்கல பாருங்க, எவ்வளவு திமிரு" என்பான். அதற்குமேல் கேட்க மாட்டேன். காலையில் பழக்கத்தில் போனை எடுப்பேன். பார்க்க ஒன்றும் இருக்காது. ஜன்னலைப் பார்ப்பேன்.

ஐப்பசியில் தனவேல் அவனாகவே கூப்பிட்டான். "அந்தம்மா வந்துடுச்சு. வண்டி வெச்சுப் பெட்டியக் கொண்டாந்து பின்கட்டுல போட்டிருக்கு. எலக்ட்ரீசியன கூட்டியாந்து தனியா ஒரு சின்ன மீட்டரு மாட்டியிருக்கு, தன் காசுல. உனக்கு எதுக்கும்மா மீட்டரு, அத்தான்தான் எதுவும் வேணாங்கறாங்களேன்னேன். 'எவ்வளவு ஓடுச்சுன்னு எனக்குத் தெரியணும்'னுச்சு. இத்தன நாள் ஏன் வரலன்னு கேட்டேன். 'வெயிலு அடிக்கும்போது அந்த வீடு எனக்கு எதுக்கு'ன்னுச்சு. எப்படிப் பேசுது பாருங்க."

அந்த மாதக் கடைசியில், முன்பு அவர் வாடகை போட்டுவந்த என் வங்கிக் கணக்கில் ஒரு சிறு தொகை வந்தது. கூடவே போனில் ஒரு செய்தி: "அண்ணே, பின்கட்டு மீட்டரில் ஓடிய கரண்டுக்கு. கரண்டு ஆபீஸ் ரேட்டுதான் போட்டிருக்கேன். மெஹருன்னிசா."

'இது வேண்டாம், உங்களுக்குத்தான்' என்று தட்டினேன். அனுப்பவில்லை. இந்த வாக்கை நான் ஏற்கனவே ஒருமுறை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அழித்துவிட்டு, 'கிடைத்தது' என்று மட்டும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஆனந்தி அடுத்த சனிக்கிழமை வந்தபோது காட்டினேன். படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அவ உன்னை மன்னிக்கலயா அப்பா?"

"தெரியல."

"நீ திருப்பி அனுப்பிடேன்."

"முடியாதும்மா" என்றேன். ஏன் என்று அவளுக்கு விளக்க முயன்றேன். பாதி தமிழில், பாதி பிரெஞ்சில். இரண்டிலும் சரியாக வரவில்லை. அவள் எழுந்துபோய் டீ போட்டாள்.

கார்த்திகையில் வந்த தொகை முந்தைய மாதத்தைவிடக் கூடுதலாக இருந்தது. காரைக்காலில் மழை இன்னும் விடவில்லை என்று தெரிந்துகொண்டேன்.